உச்சி வெயிலும் நம் பொறுப்பும்



தொழுகையில் நாம் அடிக்கடி ஓதும் சிறிய சூராக்களில் ஒன்று குறைஷ். திருமறையின் 106-ஆவது அத்தியாயம். மதரஸாவில் பிரம்புக்குப் பயந்து மனனம் செய்தது. ஆகையால் இன்றும் வேகமாக ஓதி முடித்து ருகூவுக்குப் போய்விடுகிறோம். அதில் நம் போன்ற வியாபாரிகளின் விஷயம் இருக்கிறது என்பதை எத்தனை பேர் கவனித்திருப்போம்? மக்காவில் விளைச்சல் கிடையாது. குறைஷிகள் மாரிக்காலத்தில் யமன் தேசத்துக்கும், கோடையில் குளுமையான ஷாம் தேசத்துக்கும் சரக்கு ஏற்றிப் போனார்கள். எப்போது எங்கே வெயில் அடிக்கும் என்று பார்த்து நடத்திய வியாபாரம் அது. அந்தப் பிரயாணங்களைத் தான் செய்த உபகாரமாக அல்லாஹு தஆலா எடுத்துச் சொல்கிறான்.

உஷ்ண தேசத்தில் வாழ்கிறவனுக்கு உணவு, உடை, உறக்கம், தொழில் எல்லாம் வெயிலை அனுசரித்தே அமைகின்றன. அரபு நாட்டு வெயிலும் நம் மலேசிய வெயிலும் ஒன்றல்ல. அங்கே காற்று காய்ந்தது. வியர்வை வந்த மாத்திரத்தில் உலர்ந்து தேகத்தைக் குளிர்விக்கும். இங்கே காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால், வியர்வை வழிகிறதே ஒழிய உலர்வதில்லை. 1998-ஆம் ஆண்டு பெர்லிஸில் உள்ள சூப்பிங்கில் 40.1 டிகிரி பதிவாயிற்று. அவ்வளவு போகாமல் 34, 35 டிகிரியிலேயே நம் ஊரில் மூட்டை தூக்குகிறவனுக்கு ஆபத்து வந்துவிடும். மனித தேகத்தின் சூடு 37 டிகிரி. அது 40-ஐத் தாண்டினால் மூளை தடுமாறுகிறது, பேச்சு குழறுகிறது, உடனே குளிர்விக்காவிட்டால் சிறுநீரகமும் இருதயமும் கெட்டு உயிரே போகலாம்.

நம் மார்க்கம் இந்த வெயிலை எவ்வளவு மதித்திருக்கிறது என்று பாருங்கள். அபூதர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு சம்பவம் புகாரியில் இருக்கிறது. ஒரு பிரயாணத்தில் முஅத்தின் லுஹருக்கு பாங்கு சொல்லப் போனார். சற்று வெப்பம் தணியட்டும் என்றார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். மறுபடியும் அவர் எழுந்தார். மறுபடியும் தணியட்டும் என்றார்கள். மணல்மேடுகளுக்கு நிழல் விழும் வரை பொறுத்திருந்தார்கள். ஷாஃபி, ஹனஃபி இரண்டு மத்ஹபுகளிலும் இதற்கு இடமுண்டு, நிபந்தனைகளில்தான் வித்தியாசம். அதை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நாம் கடைக்காரர், ஃபத்வா சொல்கிறவர் அல்லர்.

ஜும்ஆக் குளிப்பின் வரலாறும் இப்படிப்பட்டதே. இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அதைச் சொல்கிறார்கள். சஹாபாக்கள் கம்பளி உடுத்து, முதுகில் சுமை சுமந்து உழைத்த ஏழைகள். பள்ளிவாசலோ இடம் குறுகலானது, கூரை தாழ்ந்தது. ஒரு நாள் கடும் உஷ்ணத்தில் எல்லாருக்கும் வியர்த்து, அந்த வாடை ஒருவருக்கொருவர் சங்கடமாகிவிட்டது. நாயகம் (ஸல்) அவர்கள் உழைப்பாளிகளைப் பார்த்து முகம் சுளிக்கவில்லை, வெளியே நில்லுங்கள் என்று சொல்லவுமில்லை. இந்த நாளில் குளித்து, கிடைத்த நறுமணத்தைப் பூசிக்கொண்டு வாருங்கள் என்றார்கள். இன்று சில பள்ளிகளில் கட்டட வேலை முடிந்து நேராக வரும் பங்களாதேஷ் சகோதரர்கள் பக்கத்தில் நின்றால், ஸஃப்பை விட்டு மெல்ல நகர்கிற பெரிய மனிதர்களை நாம் பார்த்திருக்கிறோம்.

நண்பகல் உறக்கமும் அப்படித்தான். கைலூலா என்ற பெயரில் அது சுன்னத்தாகவே இருக்கிறது. நூர் அத்தியாயத்தில், வீட்டில் ஏவல் செய்வோரும் சிறுவர்களும் அனுமதி கேட்டே உள்ளே வரவேண்டிய மூன்று நேரங்களில், மேலாடையைக் களைந்து ஓய்வெடுக்கும் நண்பகலும் ஒன்று. மூசா நபி (அலை) அவர்கள் மத்யனில் அந்த இரு பெண்களின் ஆடுகளுக்குத் தண்ணீர் இறைத்துக் கொடுத்த பின் நேரே நிழலுக்குத்தான் போனார்கள். நபியே ஆனாலும் தேகம் தேகந்தானே!

இவ்வளவும் நமக்குத் தெரியும். தெரிந்தும் என்ன செய்தோம் என்பதை மறைக்காமல் எழுதுவதே முறை.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு நாள் பன்னிரண்டரை மணிக்கு நம் கடைக்கு வெங்காய லாரி வந்தது. ஊரிலிருந்து வந்து மூன்று மாதங்கூட ஆகாத பையன் ஒருவன் இறக்கிக்கொண்டிருந்தான். நாம் கல்லாவில் மின்விசிறிக்கு அடியில் இருந்தோம். "முதலாளி, தலை சுத்துது" என்றான். "இன்னும் பத்து மூட்டைதானே, முடிச்சிட்டு உட்காரு" என்றோம். ஏழாவது மூட்டையோடு விழுந்தான். வாந்தி எடுத்தான், யாரையோ கூப்பிட்டு ஏதேதோ பேசினான். தொட்டால் கை சுட்டது. எதிர்க்கடைச் சீனர்தான் ஓடி வந்து அவனை நிழலுக்கு இழுத்து, சட்டையைக் கழற்றி, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, அட்டையால் விசிறினார். நாமோ அவன் வாயில் தண்ணீர் புகட்டப் போனோம். அது தவறு, நினைவில்லாதவனுக்கு மூச்சுக்குழலில் போய்விடும் என்று அவரே தடுத்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்: எவ்வளவு நேரம் வெயிலில் நின்றான், காலையிலிருந்து எவ்வளவு தண்ணீர் குடித்தான் என்று. அன்று இறங்கியது எத்தனை மூட்டை, அழுகல் எத்தனை என்று கேட்டிருந்தால் உடனே சொல்லியிருப்போம். அவர் கேட்ட இரண்டுக்கும் நம்மிடம் பதில் இல்லை. அல்ஹம்துலில்லாஹ், பையன் பிழைத்தான்.

உங்கள் கீழ் வேலை செய்கிறவர்கள் உங்கள் சகோதரர்கள், தாங்க முடியாத வேலையைச் சுமத்தாதீர்கள், சுமத்தினால் நீங்களும் கூடச் சேர்ந்து செய்யுங்கள் என்பது நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. கூடச் சேர்ந்து செய்வது என்றால் அன்று நாமும் ஐந்து மூட்டை தூக்கியிருக்க வேண்டும். தூக்கியிருந்தால் லாரியை வேறு நேரத்துக்கு வரச் சொல்லும் புத்தி தானாக வந்திருக்கும். வியர்வை உலருமுன் கூலி கொடுக்கவேண்டும் என்ற ஹதீஸையும் நாம் மேடையில் சொல்லிக்கொள்கிறோம். நம் நாட்டில் வியர்வை உலர்வதே இல்லை. ஆகவே அவகாசம் நிறைய இருக்கிறது என்று எவரும் அர்த்தம் பண்ணிக்கொள்ள வேண்டாம்!

அரசாங்கங்களும் இதைப் புரிந்துகொண்டுவிட்டன. சவூதியில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை நண்பகல் 12 மணியிலிருந்து 3 மணி வரை நேர் வெயிலில் வேலை வாங்கத் தடை உண்டு. சிங்கப்பூரில் 2023-இல் ஒரு விதி கொண்டுவந்தார்கள். வெயில், காற்று, ஈரம் மூன்றையும் சேர்த்துக் கணக்கிடும் அளவு 32 டிகிரிக்கு வந்தால், வெளியில் கடும் வேலை செய்கிறவருக்கு மணிக்கு 10 நிமிடம் நிழலில் ஓய்வு. 33-க்கு வந்தால் 15 நிமிடம். பத்து நிமிடத்தில் எந்தக் கடையும் திவாலாகிவிடாது.

2024-ஆம் ஆண்டு ஹஜ்ஜை நினைத்துப் பாருங்கள். ஹரம் ஷரீஃபில் வெப்பம் 51.8 டிகிரி வரை போயிற்று. 1,301 பேர் மரணமடைந்தார்கள். அவர்களில் 83 சதவீதத்தினர் முறையான அனுமதியில்லாமல் வந்தவர்கள் என்றும், நிழலும் ஒதுங்க இடமும் இன்றி நெடுந்தூரம் நேர் வெயிலில் நடந்தவர்கள் என்றும் சவூதி அரசு அறிவித்தது. அதே மக்கா, அதே சூரியன். கூடாரம் கிடைத்தவர்களில் பெரும்பாலோர் தப்பினார்கள்.

நிழல் என்றதும் நம் அஞ்சடி ஞாபகத்துக்கு வருகிறது. 1822-இல் ராஃபிள்ஸ் சிங்கப்பூர் நகரத்துக்குத் திட்டம் போட்டபோது, தெருவின் இருபுறமும் வீடுகளுக்கு முன்னால் தொடர்ச்சியாகக் கூரையிட்ட நடைபாதை விடவேண்டும் என்று விதித்தார். பிறகு அது பினாங்கு, கோலாலம்பூர் என்று பரவிற்று. வெயிலிலும் மழையிலும் ஜனங்கள் நடப்பதற்கென்றே விட்ட இடம். நாம் என்ன செய்கிறோம்? அரிசி மூட்டை, பாத்திரம், பாய், பிளாஸ்டிக் சாமான் எல்லாவற்றையும் அதில் அடுக்கி, நடக்கிற கிழவியையும் கைக்குழந்தைக்காரியையும் கொளுத்தும் தார்ச்சாலைக்குத் தள்ளிவிடுகிறோம். மக்கள் நடக்கும் பாதையிலும் அவர்கள் ஒதுங்கும் நிழலிலும் அசுத்தம் செய்வது சாபத்தை வாங்கித் தரும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். வெங்காய மூட்டை அசுத்தமல்லவே என்று நாம் வாதாடலாம். நிழலை இழந்தவன் வாதத்தைக் கேட்டுக்கொண்டா நிற்பான்? நஹ்ல் அத்தியாயத்தில் தன் நிஃமத்துகளை எண்ணிக் காட்டும் அல்லாஹ், நிழலையும் வெப்பத்தைத் தடுக்கும் ஆடையையும் அவற்றோடு சேர்த்துச் சொல்கிறான். அவன் கொடுத்ததை நாம் மூட்டை வைத்து அடைக்கிறோம்.

சஅது இப்னு உபாதா (ரலி) அவர்கள் மரணித்த தம் தாயாருக்காக எந்த தர்மம் சிறந்தது என்று கேட்டபோது, தண்ணீர் என்று பதில் வந்தது. அவர்கள் கிணறு வெட்டினார்கள். நமக்குக் கிணறு வெட்ட இடமில்லை. சென்ற மாதம் அஞ்சடியிலிருந்த மூட்டைகளை உள்ளே இழுத்தோம். ஆறு மூட்டைக்கு இடமில்லாமல் போயிற்று. அதில் இரண்டு மூட்டை இருந்த இடத்தில் ஒரு தண்ணீர்ப் பானையும் மூடியும் குவளையும் வைத்திருக்கிறோம். லாரிக்காரர் காலை எட்டு மணிக்கு வரச் சம்மதித்தார், நடைக்கு இருபது வெள்ளி கூடக் கேட்டார், கொடுக்கிறோம். பானையில் தண்ணீர் முதல் நாள் மாலை வரை இருந்தது. இப்போது லுஹருக்குள் தீர்ந்துவிடுகிறது. இரண்டு முறை நிரப்பவேண்டியிருக்கிறது.