பெரியோர் சொல்லும் பெருக்கற் கணக்கும்

உண்மை, அதைச் சொன்னவரின் பெருமையால் நிலைபெறுகிறதா? அல்லது தன் வலிமையாலேயே நிற்கிறதா? இது அறநூலார் மட்டுமே ஆராயத்தக்க வினா என்று நாம் எண்ணிவிடுகிறோம். விருப்பு வெறுப்புக்கு இடமே தராத ஓர் எண் இவ்வினாவுக்கு விடை தந்த வரலாறும் உண்டு.

147,573,952,589,676,412,927 என்பதே அவ்வெண். அறுபத்தேழு இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, வந்த தொகையில் ஒன்றைக் கழித்தால் இந்த இருபத்தோர் இலக்க எண் கிடைக்கும். இது பகா எண், அதாவது ஒன்றாலும் தன்னாலும் அன்றி வேறெந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடாதது என்று 1644-ஆம் ஆண்டில் மெர்சென் என்னும் பிரெஞ்சுத் துறவி எழுதினார். அவர் கற்றோர் மதித்த பெரியவர். தம் கூற்றை அவர் மெய்ப்பித்துக் காட்டவில்லை. ஆயினும் அது இருநூறு ஆண்டுகளுக்கு மேல் நின்றது. 1876-இல் லூக்கா என்னும் பிரெஞ்சுக் கணித அறிஞர், இது பகா எண் அன்று என்று நிறுவினார். வியப்பு யாதெனில், அது எவ்வெண்களால் வகுபடும் என்பதை அவராலும் கூற இயலவில்லை. பிழை தெளிவாயிற்று, காரணிகளோ மறைந்தே கிடந்தன.

1903 அக்டோபரில், நியூயார்க்கில் கூடிய அமெரிக்கக் கணிதக் கழகத்தின் கூட்டத்தில் பிராங்க் நெல்சன் கோல் என்பார் அக்காரணிகளை அறிவித்தார். அன்று அவர் கரும்பலகையின் ஒருபுறம் அந்த இருபத்தோர் இலக்க எண்ணைக் கணித்து எழுதினார் என்றும், மறுபுறம் 193,707,721-ஐ 761,838,257,287-ஆல் பெருக்கினார் என்றும், இரு விடைகளும் ஒன்றாகவே, ஒரு சொல்லும் பேசாமல் தம் இருக்கைக்குத் திரும்பினார் என்றும் கூறுவர். மூன்றாண்டு ஞாயிற்றுக்கிழமைகள் இதற்குச் செலவாயின என்று அவர் பின்னர் சொன்னதாகவும் ஒரு செய்தி உண்டு.

அவர் ஏன் பேசவேண்டும்? "என்னை நம்புங்கள்" என்று கேட்கவேண்டிய தேவையே அவருக்கு எழவில்லை. காரணிகளைக் கண்டுபிடிக்க ஆண்டுகள் தேவைப்பட்டன. சரிபார்க்கவோ தொடக்கப்பள்ளியில் கற்ற பெருக்கலே போதும். பெரியவர் ஒருவரின் சொல்லை ஒரு மாணவனும் தாளும் பென்சிலும் கொண்டு சோதித்துவிடலாம். யார் சொல்லக் கேட்டாலும் மெய்ப்பொருளைக் காண்பதே அறிவு என்னும் வள்ளுவர் நெறிக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

இன்று கணினி இக்காரணிகளை நொடிப்பொழுதில் தந்துவிடும். அதனால் கோலின் உழைப்பு வீணாகிவிடுமா? ஆகாது. விடையைப் பெறுவது வேறு. அது மெய்யென்று தானே கண்டு தெளிவது வேறு. துறவியின் சொல்லை ஆராயாமல் ஏற்றதற்கும், இயந்திரத்தின் விடையை ஆராயாமல் ஏற்பதற்கும் வேற்றுமை இல்லை.

பிழை திருத்தப்பட்டதால் மெர்செனின் புகழும் குன்றவில்லை. இவ்வகை எண்கள் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றன. ஆகவே ஆசிரியர்களே, கரும்பலகையில் நாம் எழுதிய விடை தவறென்று ஒரு மாணவன் எழுந்து நின்றால், அவனை அமரச் சொல்லாதீர்கள். சுண்ணக்கட்டியை அவன் கையில் கொடுங்கள்.