புலிக்கு முன்னால் நிறுத்தப்பட்டவர்கள்

‘கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்தபோது விஷவாயு தாக்கி மூன்று பேர் பலி.’ இந்த வாக்கியத்தைப் படிக்காதவர் தமிழ்நாட்டில் இருக்க முடியாது. ஊர்ப்பெயர் மாறும், எண்ணிக்கை மாறும், வாக்கியம் மாறாது. தமிழ் படித்தவன் என்கிற உரிமையில் இதைக் கொஞ்சம் இலக்கணமாகப் பிரித்துப் பார்க்கிறேன். தாக்கியது எது? விஷவாயு. செத்தது யார்? மூன்று பேர். தொட்டி யாருடையது, கூப்பிட்டது யார், கூலி பேசியது யார் என்பதற்கு இந்த வாக்கியத்தில் இடமே கிடையாது. செய்திக்குள்ளே போனால் ‘தொட்டிக்குள் இறங்கினார்’ என்றிருக்கும். இறங்கினார் என்பது தன்வினை. நடந்ததோ பிறவினை, இறக்கினார்கள். ஒரே ஒரு மெல்லெழுத்து வல்லெழுத்தாக மாறினால் போதும், செத்தவனின் செயல் இன்னொருவனின் குற்றமாகிவிடும். பத்திரிகையும் காவல் நிலையமும் அந்த ஒரு எழுத்தைத்தான் மாற்ற மறுக்கின்றன.

இதற்கெல்லாம் சேர்த்து ஒரு பொதுப்பெயர் இருக்கிறது: விபத்து. தற்செயல், எதிர்பாராதது, யாரும் பொறுப்பில்லாதது என்று அந்தச் சொல்லுக்குள் பல பொருள் ஒளிந்திருக்கிறது. என் கேள்வி இதுதான். முன்கூட்டியே தெரிந்த, தடுக்கும் வழியும் தெரிந்த ஒரு சாவை விபத்து என்று சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது? தெரிந்தும் தடுக்காமல் இருப்பதற்கும் கொல்வதற்கும் நடுவே உள்ள தூரம் எவ்வளவு?

ஊழ், தலையெழுத்து, முன்வினை என்று இதற்குப் பதில் சொன்ன காலம் உண்டு. இப்போது அப்படி யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை. ‘குடிச்சிருந்தான் சார்’, ‘சொல்லச் சொல்லக் கேக்காம எறங்கிட்டான் சார்’ என்கிறார்கள். ஊழ் சட்டை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறது, அவ்வளவுதான். முன்பு போன பிறவியில் தப்பு செய்தோம், இப்போது இந்தப் பிறவியிலேயே செய்கிறோமாம்.

இந்தக் கேள்வியைத் தத்துவம் பேசுகிறவர்களைவிட, சாலையிலும் தொழிற்சாலையிலும் காயத்தைத் தடுப்பது எப்படி என்று ஆராய்ந்தவர்கள்தான் நேராகக் கேட்டிருக்கிறார்கள். அந்த ஆராய்ச்சியின் வரலாறே பழி யார்மேல் என்கிற சண்டையின் வரலாறுதான். அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் வேலைபார்த்த ஹெயின்ரிச் என்பவர் 1931இல் ஒரு புத்தகம் எழுதினார். 75,000 தொழிற்சாலை விபத்துகளைப் பார்த்துவிட்டு, நூற்றுக்கு 88 தொழிலாளியின் பாதுகாப்பற்ற செயலால் நேர்ந்தவை, 10 பாதுகாப்பற்ற நிலைமைகளால், மீதி 2 தவிர்க்க முடியாதவை என்றார். அவருக்குக் கிடைத்த ஆதாரம் என்ன? காப்பீட்டுக் கோப்புகளும் ஆலை முதலாளிகளின் பதிவுகளும். பண்ணையார் எழுதிய கணக்கை வைத்துப் பண்ணையாளின் குணத்தை அளந்த கதை. ஆனாலும் அந்த 88 பல பத்தாண்டுகள் உலகம் முழுக்கச் சுற்றியது. ‘பாதுகாப்பு உன் கையில்’ என்று ஆலைச் சுவரில் எழுதியிருக்கிறதே, அதன் பூர்வீகம் இந்த எண்தான்.

இதைத் திருப்பிப் போட்டவர்களில் முக்கியமானவர் வில்லியம் ஹாடன். மருத்துவர். 1966இல் அமெரிக்க அரசு சாலைப் பாதுகாப்புக்கென்று தொடங்கிய அமைப்பின் முதல் தலைவர். கொசு மலேரியாவைக் கொண்டுவருவதுபோல, காயத்தையும் ஒன்று கொண்டுவருகிறது, அதுதான் ஆற்றல் என்றார். வேகம், சூடு, மின்சாரம், வேதிப்பொருள் எல்லாம் உடல் தாங்கும் அளவுக்கு மேல் வந்து சேர்ந்தால் காயம். உளவியலாளர் கிப்சன் 1961இலேயே இப்படி எழுதியிருந்தார். ஹாடன் இன்னொன்றையும் சேர்த்தார். உடலுக்குள் போகவேண்டியது போகாமல் தடுக்கப்படுவதும் காயம்தான். தண்ணீரில் மூழ்குவது, மூச்சுமுட்டிச் சாவது எல்லாம் இதில் அடக்கம். மலேரியா வந்தவனைப் பார்த்து ‘ஏன்டா கொசுவுக்குக் கையைக் காட்டினாய்’ என்று யாரும் கேட்பதில்லை. காயத்தில் மட்டும் ஏன் அந்தக் கேள்வி?

இந்தியாவில் இந்தச் சிந்தனையைக் கொண்டுவந்து வேலை செய்தவர் டெல்லி அய்.அய்.டி.யின் பேராசிரியர் தினேஷ் மோகன். 2021இல் காலமானார். வட இந்தியக் கிராமங்களில் கதிரடிக்கும் இயந்திரத்தில் கைவிரல்களையும் கையையும் இழந்த கூலிக்காரர்களைப் பற்றி அவர் ஆராய்ந்தார். போதையில் இருந்தான், தூங்கி விழுந்தான் என்பதுதான் அங்கேயும் பேச்சு. கதிரைத் தள்ளும் வாய் குட்டையாகவும் திறந்தும் இருந்தால் கை உள்ளே போகும். நீளமாக, மூடியதாகச் செய்தால் தூங்கினாலும் கை போகாது. இவ்வளவுதான் விஷயம். 1983இல் ஆபத்தான இயந்திரங்களுக்கென்று ஒரு சட்டமும் வந்தது. களைத்துப்போனவனும் கை பிழைத்து வீடு திரும்பும்படி கருவியைச் செய் என்பதில் ஒரு பெரிய அறம் இருப்பதாக நான் நினைக்கிறேன். மனிதனை யோக்கியனாக்கிவிட்டுத்தான் காப்பாற்றுவேன் என்று அது அடம்பிடிப்பதில்லை. 2001இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ‘விபத்து’ என்கிற சொல்லையே தன் பக்கங்களிலிருந்து விலக்கப்போவதாக அறிவித்தது. நம் பத்திரிகைகளுக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

ஹாடன் 1970இல் புலி தப்பியோடுவதைத் தலைப்பாக வைத்து ஒரு சிறு கட்டுரை எழுதினார். தீங்கைத் தடுக்கப் பத்து வழிகளை அதில் வரிசைப்படுத்தினார். முதல் வழி, புலியை வளர்க்காதே. பிறகு, வளர்த்தால் வெளியே விடாதே, விட்டால் மனிதனைத் தள்ளி வை, நடுவே சுவர் எழுப்பு என்று இறங்கிக்கொண்டே போய்ப் பத்தாவதில் வந்து நிற்கும்: கடிபட்டவனுக்கு வைத்தியம் பார், மறுவாழ்வு கொடு. இன்றைக்குத் தொழில் பாதுகாப்புப் படிப்பவர்களும் இதே போன்ற வரிசையைத்தான் படிக்கிறார்கள். ஆபத்தை ஒழிப்பது முதலில், கையுறையும் முகமூடியும் கடைசியில்.

இந்த வரிசையை வைத்துக்கொண்டு ஒரு கழிவுநீர்த் தொட்டியின் பக்கத்தில் போய் நில்லுங்கள். தொட்டிக்குள்ளிருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். காற்றின் பத்து லட்சம் பங்கில் நூறு பங்கை எட்டும்போது மூக்கு மரத்துவிடும், நாற்றம் போய்விடும். நாற்றம் போய்விட்டது, இனி இறங்கலாம் என்று தோன்றுகிற அந்த நேரம்தான் ஆபத்தான நேரம். ஆயிரம் பங்கை எட்டினால் ஒன்றிரண்டு மூச்சிலேயே விழுந்துவிடுவான். எச்சரிக்கை செய்யவேண்டிய புலனையே முதலில் கொல்கிற விஷம் இது. ‘அனுபவஸ்தன், அவனுக்குத் தெரியும்’ என்கிற பேச்செல்லாம் இங்கே செல்லாது.

இனி இரண்டாவதாக இறங்குகிறவன். செய்தியில் மூன்று பேர் என்று வருவதற்குக் காரணமே இவன்தான். முதலாமவன் விழுந்ததும் தம்பியோ மச்சானோ கூட வேலைக்கு வந்தவனோ குதிக்கிறான். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1986இல் வெளியிட்ட எச்சரிக்கை ஒன்றில், மூடிய இடங்களில் செத்தவர்களில் நூற்றுக்கு அறுபது பேருக்கு மேல் காப்பாற்றப் போனவர்கள் என்று இருக்கிறது. ‘அறிவில்லாம எறங்கிட்டான்’ என்று இவனைப் பற்றித்தான் அதிகமாகச் சொல்வார்கள். வீட்டுக்காரர் அங்கேதான் நிற்கிறார், மேஸ்திரி நிற்கிறார், தெருவே நிற்கிறது. அவர்களுக்கெல்லாம் இருக்கிற அறிவு இவனுக்கு ஏன் இல்லை? கீழே கிடப்பது இவனுடைய ரத்தம். மேலே நிற்கிறவர்கள் யாரும் இறங்கமாட்டார்கள் என்பது இவனுக்குப் பிறந்ததிலிருந்தே தெரியும். இதை முட்டாள்தனம் என்று எழுதுகிற கைக்கு அறம் பற்றிப் பேச எந்த யோக்கியதையும் கிடையாது. மேலே ஒரு முக்காலியும் கயிறும், இடுப்பில் ஒரு வாரும் இருந்திருந்தால் குதிக்காமலேயே தூக்கியிருக்கலாம். பாசம் இருக்கிற இடத்தில் கயிறு இல்லை. கயிறு வாங்க வசதி உள்ளவனுக்கு இவன்மேல் பாசம் இல்லை.

சட்டம் இருக்கிறதே என்பார்கள். 1993இல் ஒன்று, 2013இல் ஒன்று. 2013ஆம் ஆண்டுச் சட்டத்தை வரிவரியாகப் படித்துப் பார்க்கவேண்டும். சாக்கடையிலும் தொட்டியிலும் ஆளை இறக்கி ‘ஆபத்தான துப்புரவு’ செய்யவைப்பதை அது தடை செய்கிறது. ஆபத்தான துப்புரவு என்றால் என்ன? பாதுகாப்புக் கருவிகளும் கவசமும் கொடுக்காமல், பாதுகாப்பு முறைகளைக் கடைப்பிடிக்காமல், ஆளை வைத்துச் செய்யும் துப்புரவு. அப்படியானால் எல்லாம் கொடுத்து இறக்கினால்? அது ஆபத்தான துப்புரவு இல்லை. அரசு அறிவித்த கருவியோடும் கவசத்தோடும் மலம் அள்ளுகிறவர் சட்டப்படி மலம் அள்ளுபவரே இல்லை என்று ஒரு விளக்கமும் சேர்த்திருக்கிறார்கள். பாதுகாப்பு ஆராய்ச்சி கடைசிப் படியில் வைத்ததை நம் சட்டம் வாசற்படியாக வைத்திருக்கிறது. இந்த வாசல் வழியாகத்தான் 2021இல் ஒன்றிய அமைச்சர் நாடாளுமன்றத்தில் கையால் மலம் அள்ளுவதால் யாரும் சாகவில்லை என்று பதில் சொன்னார். செத்தவர்களெல்லாம் ‘ஆபத்தான துப்புரவு’ என்கிற வேறு பட்டியலில் இருந்தார்கள். 

இதை வைத்து எங்களுக்குள்ளேயே சண்டை உண்டு. ஒரு கூட்டத்தில் தோழர் ஒருவர் கொதித்துப் பேசினார். கவசம் கேட்பதே துரோகம், ஆக்சிஜன் உருளையை மாட்டிக்கொண்டு இறங்கினாலும் அது அதே மலம், அதே சாதி, கேட்கவேண்டியது ஒழிப்பு மட்டும்தான் என்றார். எல்லோரும் கைதட்டினோம். பின்வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்தார். கணவர் செத்து வருஷம் ஆகியிருக்கவில்லை. “நீங்க சொல்றது சரிதாண்ணே. ஆனா அன்னிக்கு மேல ஒரு கயிறு இருந்திருந்தா எம் புள்ளைங்களுக்கு அப்பன் இருந்திருப்பான்ல?” என்று கேட்டார். யாரும் கைதட்டவில்லை.

தோழர் சொன்னதில் உண்மை இருக்கிறது. கவசம் ஆபத்தை மட்டுமே குறைக்கும், இழிவைக் குறைக்காது. கவசம் நல்லதாக நல்லதாக அந்த வேலைக்கு ஆயுள் கூடிவிடும் என்கிற பயமும் நியாயமானது. ஆனால் நாளைக் காலையில் இறக்கப்படப்போகிறவனின் மூச்சைப் பணயம் வைத்து நம் கொள்கையைச் சுத்தமாக வைத்துக்கொள்ள நமக்கு உரிமையில்லை என்பது என் கட்சி. கயிறையும் காற்றூதியையும் இன்றைக்கே கேட்போம். கொடுத்ததும் ரசீது எழுதிக் கணக்கை முடிக்க விடமாட்டோம். இரண்டையும் ஒரே வாயால் கேட்க முடியாதா என்ன?

ஒழிப்பு ஒன்றும் ஆகாயத்தில் இருக்கிற விஷயமில்லை. தொட்டியை இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை உறிஞ்சி எடுத்தால் அடியில் கசடு இறுகாது. இறுகினால்தான் மண்வெட்டியோடு ஆள் தேவைப்படுகிறான். லாரி வரமுடியாத சந்தில், மூடி திறக்கமுடியாதபடி மேலே தரை போட்டு வீடு கட்டுகிறவர், என்றோ ஒருநாள் ஒருவனை அதற்குள் இறக்கப்போகிறோம் என்பதையும் சேர்த்தே கட்டுகிறார். தூய்மை இந்தியா என்று 2014இல் ஆரம்பித்துப் பத்துக் கோடிக்கு மேல் கழிப்பறை கட்டியதாக 2019இல் அறிவித்தார்கள். ஆள் இறங்கத் தேவையில்லாத இரட்டைக்குழி முறையைத்தான் கிராமங்களுக்கு அரசே பரிந்துரைத்தது. தொட்டி கட்டிக்கொண்டவர்களும் ஏராளம். ஹாடன் மொழியில் சொன்னால், வீட்டுக்கு ஒரு புலிக்குட்டி.

ஆனால் ஹாடனிடமும் எனக்கு ஒரு வழக்கு உண்டு. காயத்தை ஆராய அவர் ஒரு கட்டம் போட்டார். மனிதன், கருவி, சூழல் என்று ஒரு பக்கம், காயத்துக்கு முன், அப்போது, பின் என்று இன்னொரு பக்கம். நல்ல கட்டம்தான். ஆனால் ‘மனிதன்’ என்று பொதுவாக எழுதிய இடத்தில் எப்போதும் ஒரே சேரியிலிருந்து ஆள் வந்து நிற்பது ஏன் என்று கேட்க அதில் இடமில்லை. சாக்கடை, தொட்டித் தொழிலாளர்களை ஒன்றிய அரசே கணக்கெடுத்ததில், 2024இல் வெளியான விவரப்படி, முப்பத்தெட்டாயிரம் பேரில் ஏறத்தாழ 69 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். அம்பேத்கர் 1936இல் வேலையைப் பிரிப்பதற்கும் வேலை செய்கிறவர்களைப் பிரிப்பதற்கும் காட்டிய வேறுபாடு ஒரு பாதுகாப்புக் கோட்பாடும்கூட. புலி யார்மேல் பாயும் என்பது நம் நாட்டில் தற்செயல் இல்லை, அது பிறப்புச் சான்றிதழிலேயே இருக்கிறது. சாலைக்கும் இது பொருந்தும். 2024இல் வந்த மாரி செல்வராஜின் ‘வாழை’யில் தார் ஏற்றிய லாரியின் உச்சியில் உட்கார்ந்து வருகிறார்களே, அவர்களைக் காப்பீட்டு நிறுவனத்தின் வக்கீல் நீதிமன்றத்தில் ‘இலவசப் பயணி’ என்று வாதிடுவார். வேலை செய்து களைத்தவன் ஓசியில் உல்லாசப் பயணம் போனானாம்.

விமானம் விழுந்தால் தனியே ஒரு விசாரணை அமைப்பு வந்து திருகாணிவரை பொறுக்கி எடுத்து அறிக்கை வெளியிடுகிறது. ரயிலுக்கும் அப்படி ஒரு ஆணையர் இருக்கிறார். தொட்டிச் சாவுக்கு ஒரு முதல் தகவல் அறிக்கை, அதோடு சரி. 1993 முதல் பதிவான இத்தகைய சாவுகளில் தமிழ்நாடு முதலிடத்தில் இருப்பதைத் தேசியத் துப்புரவுப் பணியாளர் ஆணையத்தின் கணக்குகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. அத்தனை சாவிலிருந்தும் ஒரு தொட்டியின் மூடிகூடப் பாடம் கற்கவில்லை.

இழப்பீடு மட்டும் வளர்ந்திருக்கிறது. 2014இல் உச்ச நீதிமன்றம் பத்து லட்சம் என்றது, 2023 அக்டோபரில் முப்பது லட்சமாக்கியது. வாங்கித்தர நாங்களும் அலைகிறோம், அலையத்தான் வேண்டும். அதோடு குடும்பத்தில் ஒருவருக்கு வேலை. ஹாடனின் பத்தாவது படி, மறுவாழ்வு. நான் உடனிருந்து மனு எழுதிக்கொடுத்த ஒரு வீட்டில் மூத்த பையன் பன்னிரண்டாவது முடித்திருந்தான். கணினி தெரியும் என்று மனுவில் சேர்க்கச் சொன்னான், சேர்த்தேன். எட்டு மாதம் கழித்து உத்தரவு வந்தது. அப்பா வேலை பார்த்த அதே நகராட்சி, துப்புரவுப் பணியாளர், தொகுப்பூதியம். சேரும்போது ஒரு ஜோடி கையுறை கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.