பரிவு: சில சங்கடங்கள்

நாயை முன்வைத்துத் தர்மவிசாரம் செய்ய உட்காருகிறவன் தருமபுத்திரனின் நாயிலிருந்து தொடங்குவது நம்மிடையே ஒரு பழக்கம். எனக்கு அந்த நாயால் உபயோகமில்லை. அது தானாகப் பின்தொடர்ந்து வந்தது; நோயில்லாதது, பயப்படாதது; கடைசியில் நாயாகக்கூட இல்லாமல் போய்விடுவது. தன்னை நம்பி வந்ததைக் கைவிடலாமா என்பது தருமனின் கேள்வி. நம்பி வராததை என்ன செய்வது என்பது என்னுடையது.

ஒரு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில், புதன்சந்தைக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே நெடுஞ்சாலையை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் ஒரு கொட்டகைக்குப் போய்வருகிறேன். முட்டைக்கோழி வளர்த்து நொடித்துப்போன இடம். கம்பிக் கூண்டுகளைப் பெயர்த்தெடுத்துவிட்டு அங்கே முப்பது நாய்களுக்குக் குறையாமல் வைத்திருக்கிறார், லாரி ஓட்டி ஓய்ந்த ஒருவர். சாலையில் அடிபட்டவை, சொறியில் மயிர் உதிர்ந்தவை, பார்வோ கண்ட குட்டிகள். வார நாட்களில் நான் வங்கியில் கோழிப்பண்ணைக் கடன் தாள்களைப் புரட்டுகிறவன். இங்கே நாய்ச்சோற்றில் வெந்துகிடக்கும் கோழித்தலைகளும் கால்களும் அந்தத் தாள்களின் மறுபக்கம். எங்கள் பரிவு எந்த உயிரின் செலவில் நடக்கிறது என்ற கணக்கை இந்தக் கட்டுரையில் நான் தீர்க்கப்போவதில்லை. கணக்கு இருக்கிறது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

ஆடி மாதம் ஒரு செவலைப் பெட்டை வந்து சேர்ந்தது. முதுகில் யாரோ கொதிநீர் ஊற்றியிருந்தார்கள். புண்ணில் புழு வைத்திருந்தது. சுவரைப் பார்த்தபடி மூலையில் நிற்கும். மனிதர் யார் உள்ளே நுழைந்தாலும் நின்ற இடத்திலேயே சிறுநீர் கழித்துவிடும். மருத்துவத்துக்கு, 1985இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி நாமக்கல்லிலேயே இருக்கிறது, பிரச்னை மருந்தில்லை. மருந்து போடவேண்டுமானால் காஸ் துணியால் வாயைக் கட்டி, இருவர் அழுத்திப் பிடித்து, டர்பன்டைன் விட்டு, மேலே வரும் புழுக்களை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுக்கவேண்டும். "கண்ணைப் பாக்காதீங்க சார்" என்றார் பெரியவர், "சண்டைக்குக் கூப்பிடறோம்னு நெனச்சுக்கும்."

பதினோரு நாள், வங்கி முடிந்த மாலைகளிலும் போனேன். பன்னிரண்டாம் நாள் காலை அது இறந்துகிடந்தது.

அந்தப் பதினோரு நாளும் அது அறிந்த என் கை, அழுத்திப் பிடித்த கை ஒன்றுதான். கொதிநீர் ஊற்றிய கைக்கும் டர்பன்டைன் ஊற்றிய கைக்கும் அதன் அனுபவத்தில் என்ன பேதம் இருந்திருக்க முடியும்? பேதம் முழுவதும் என் பிரக்ஞையில்தான் இருந்தது. பெறுகிறவருக்குச் சற்றும் எட்டாத பரிவைப் பரிவு என்று அழைக்க எனக்கு என்ன பாத்தியதை?

1967இல் அமெரிக்காவில் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மயர் என்ற இரு உளவியலாளர்கள், தப்ப வழியில்லாதபடி நாய்களைப் பிணைத்து மின்னதிர்ச்சி கொடுத்துப் பார்த்தார்கள். பிறகு, தாழ்வான தடுப்பைத் தாண்டினாலே தப்பிவிடலாம் என்ற பெட்டியில் விட்டபோதும் அவற்றில் பல தாண்ட முயலாமல் படுத்து முனகின. இதைக் கொடூரமென்று தள்ளிவிடுவது சுலபம். என்னைத் தொந்தரவு செய்வது அதன் பின்பகுதி. அந்த நாய்களை மீட்க அவர்கள் கண்ட வழி, கழுத்தில் கயிறு கட்டித் தடுப்புக்கு மேலாகத் திரும்பத் திரும்ப இழுத்துப்போவது. விடுதலையும் பலாத்காரமாகவே வந்திருக்கிறது, அதுவும் அதிர்ச்சி கொடுத்தவர்களிடமிருந்தே. கையறுநிலை கற்றுக்கொள்ளப்படுகிறது என்று முதலில் சொன்ன அவர்கள் 2016இல் தங்கள் முடிவைத் தாங்களே திருப்பிப் போட்டார்கள்: நீண்ட துன்பத்துக்கு உடம்பின் இயல்பான பதிலே செயலற்றுக் கிடப்பதுதான்; கற்கவேண்டியிருப்பது, தன் செயலால் ஏதேனும் மாறும் என்பதை.

அப்படியானால், பயந்த நாய்க்குத் தரவேண்டியது மறுக்கும் வசதி. பெரியவருக்கு இது எந்தப் புத்தகமும் இல்லாமலே தெரியும். தட்டை வைத்துவிட்டு முதுகைக் காட்டி மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார். வருவதும் வராததும் நாயின் இஷ்டம். ஆனால் புழு மணிக்கணக்கில் காத்திருக்காது. புண்ணுக்குச் செய்யும் வைத்தியமும் பயத்துக்குச் செய்யும் வைத்தியமும் ஒன்றையொன்று அழிக்கின்றன. நாங்கள் புண்ணைத் தேர்ந்தோம். செவலை விஷயத்தில் இரண்டுமே கைகூடவில்லை.

வள்ளுவர் அன்புடைமையை இல்லறத்திலும் அருளுடைமையைத் துறவறத்திலும் வைத்தது வெறும் அடுக்குமுறை என்றே நினைத்திருந்தேன். இப்போது வேறுமாதிரி படுகிறது. அன்புக்கு எதிர்முகம் வேண்டும். அருள், அறியப்படவேண்டும் என்ற ஆசையையும் துறக்கவேண்டியிருக்கிறது. ஆனால் இதில் ஒரு சௌகரியமும் ஒளிந்திருக்கிறது. எதிரே இருப்பதன் முகத்தைப் பார்க்கவேண்டாம் என்று ஆகிவிட்டால் எதையும் அருள் என்று சொல்லிக்கொள்ளலாம். 2025 நவம்பரில் உச்சநீதிமன்றம், பள்ளிகள், மருத்துவமனைகள், பேருந்து நிலையங்கள், ரயில் நிலையங்களிலிருந்து தெருநாய்களை அகற்றிக் காப்பகங்களில் வைக்கவேண்டும், பிடித்த இடத்தில் திரும்ப விடக்கூடாது என்று உத்தரவிட்டது. கடிபட்ட குழந்தையின் பயமும் பயமே. வெறிநோய் வெளிப்பட்டபின் அநேகமாக எவரும் பிழைப்பதில்லை. உத்தரவோடு வாதாட இங்கே எனக்கு விருப்பமில்லை. 'காப்பகம்' என்ற சொல்தான் உறுத்துகிறது. எங்கள் கொட்டகைக்கும் அதே பெயர்தான். அங்கும் எந்த நாயும் கேட்டு வந்ததில்லை.

செவலையைப் புதைத்த அன்று, கடைசிவரை அது நம்மை நம்பவே இல்லையே அண்ணா என்று பெரியவரிடம் சொன்னேன். அவர் வேறொரு நாயின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தார். பின்னங்காலைப் பிடிக்கச் சொன்னார்.