அவனைப்போல் என்னையுமா?

சென்ற மாதத்தில் ஒரு ஞாயிறு. இரண்டாம் பூசை முடிந்து சனங்கள் கோவில் வாசலில் கலைந்துகொண்டிருந்த சமயம். தியாகராய நகரில் ஓர் அழகு நிலையத்தில் வேலை செய்யும் மணிப்பூர்ப் பெண் ஒருத்தி, பூசைக்குத் தவறாமல் வருகிறவள், மாதா கெபியின் முன் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தாள். தெருவில் வண்டியில் போன இரண்டு பையன்கள் அவளைப் பார்த்துச் சீன மொழி போல ஏதோ குழறிவிட்டு, "ஏய் சீனா!" என்று கூவிச் சிரித்தபடியே பறந்துபோனார்கள். அந்தப் பெண் அழவில்லை. இங்கு வந்து கற்றுக்கொண்ட தமிழில், "நான் சீனா இல்லை அண்ணா, இந்தியா" என்று தெருவைப் பார்த்துச் சொன்னாள். பக்கத்தில் நின்ற மாதர் சங்கத்து அம்மாள் ஒருவர் அவள் கையைப் பற்றிக்கொண்டு, "நீ எங்க பொண்ணும்மா. அதுங்களுக்கு என்ன தெரியும்? உன்னைப் போய்ச் சீனாக்காரின்னு சொல்லுதுங்களே!" என்று தேற்றினார்.

நல்ல மனத்திலிருந்து வந்த ஆறுதல்தான், சந்தேகமில்லை. ஆயினும் வீடு போய்ச் சேரும்வரை ஒரு கேள்வி என்னை விடவில்லை. அந்தப் பெண் உண்மையாகவே சீனாக்காரியாக இருந்திருந்தால்? அப்போது பையன்கள் கூவியது நியாயமாகிவிடுமா? அம்மாளும் நானும் கையைப் பற்றித் தேற்றாமல் அப்படியே படியிறங்கிப் போயிருப்போமா?

அன்புள்ள குடும்பத்தாரே, இது சிறிய சமாசாரம் என்று தள்ளிவிடாதீர்கள். அவமானப்படுகிற மனிதன் இரண்டு விதமாக முறையிடலாம். "மனிதனை இப்படி நடத்தலாமா?" என்பது ஒன்று. "அவனை நடத்துவதுபோல் என்னையும் நடத்தலாமா?" என்பது மற்றொன்று. கேட்கிற காதுக்கு இரண்டும் ஒன்றுபோல் தொனிக்கும். முதலாவது முறையீடு அநீதியை எதிர்க்கிறது. இரண்டாவது, அநீதியை அடுத்த வீட்டு முகவரிக்கு அனுப்பிவைக்கிறது.

இந்தக் கேள்வி ஒரு காலத்தில் கடல் கடந்துபோன நம்மவர்க்கும் சீனருக்கும் ஒன்றாகவே வந்தது. வெள்ளையர் ஆண்ட நாடுகள் ஆசியரை வரவிடாமல் கதவடைத்த காலம் அது. அமெரிக்கா 1882-இல் சீனத் தொழிலாளருக்குக் கதவை மூடிற்று. கனடா 1885-இல் சீனன் ஒவ்வொருவனுக்கும் 50 டாலர் தலைவரி விதித்து, 1903-இல் அதை 500 டாலராக்கிற்று. ஆஸ்திரேலியா 1901-இல் வெள்ளையருக்கே நாடு என்ற கொள்கையைச் சட்டமாக்கிற்று. தென்னாப்பிரிக்காவிலோ விசித்திரம்: தங்கச் சுரங்கங்களில் ஆள் போதாதென்று 1904 முதல் அறுபதினாயிரத்துக்கு மேற்பட்ட சீனரை ஒப்பந்தக் கூலிகளாக இறக்கினார்கள், வேலை தீர்ந்ததும் திருப்பி அனுப்பினார்கள். உழைப்பு வேண்டும், உழைப்பவன் வேண்டாம் என்பது எல்லாக் காலத்துக்கும் உரிய பேராசை போலும்.

1907-இல் டிரான்ஸ்வால் அரசாங்கம், அங்கே வாழ்ந்த ஆசிய ஆண்கள் பத்து விரல் ரேகையும் பதித்துப் பதிவுச் சீட்டு வாங்கவேண்டும் என்று சட்டம் செய்தது. குற்றவாளிகளிடம் எடுப்பதுபோல் ரேகை. இந்தியர் ஏறத்தாழ 13,000 பேர். சீனர் அவர்களிலும் மிகச் சிறிய கூட்டம். இந்தியருக்குத் தலைவர் காந்தியடிகள் என்பது யாவரும் அறிந்தது. சீனருக்குத் தலைவராக நின்றவர் லியுங் குவின் என்ற ஜோகானஸ்பர்க் வியாபாரி. அவரை இன்று நம்மில் யார் அறிவார்?

அந்த ஆண்டு நவம்பரில் சௌ குவாய் ஃபோர் என்ற சீன வாலிபன், முதலாளி சொன்னபடி பதிவு செய்துகொண்டுவிட்டு, பிறகு சட்டத்தின் பொருள் விளங்கியதும் தன் இனத்தாருக்கு முகம் காட்ட வெட்கி உயிரை மாய்த்துக்கொண்டான். அவன் செய்ததை நாம் ஒப்ப முடியாது. அந்த வெட்கத்தை அவன்மேல் சுமத்திய சட்டத்தைச் செய்தவர்கள் மட்டும் நிம்மதியாக உறங்கினார்கள் என்பதை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

1908 ஜனவரியில் தலைவர்கள் சிறைக்குப் போனார்கள். அம்மாதம் 28-ஆம் நாள் சிறையிலிருந்தே அரசாங்கத்துக்கு ஒரு சமாதானக் கடிதம் போயிற்று. அதில் கையெழுத்து மூன்று: குஜராத்தியான காந்தி, தமிழர் தலைவரான தம்பி நாயுடு, சீனரான குவின். மூன்று தாய்மொழிகள், ஒரே காகிதம்.

இதைக் கேட்டு அங்கே எல்லாம் ஒரே சகோதரத்துவமாக இருந்தது என்று எண்ணிவிடலாகாது. சீனர் சங்கம் வேறு, இந்தியர் சங்கம் வேறாகவே இருந்தன. "நாங்கள் பிரிட்டிஷ் பிரஜைகள், எங்களை மற்றவர்களோடு சேர்க்கலாமா?" என்பது அந்நாளைய இந்தியர் மனுக்களில் அடிக்கடி வரும் வாதம். காந்தியடிகளே அந்த ஆரம்ப ஆண்டுகளில், இந்தியக் கைதிகளை ஆப்பிரிக்கக் கைதிகளோடு சேர்த்து வைத்ததை ஒரு பெரிய குறையாக எழுதினார். பின்னாளில் அவர் பார்வை விரிந்தது. ஆனால் மகாத்மாவாகப் போகிற மனிதருக்கே இந்த இரண்டாவது முறையீடு நாவில் வந்தது என்றால், நம்மைப் போன்றவர்களுக்குக் கேட்பானேன்?

இனி நம்மூருக்கு வருவோம். 1910-இல் டிரான்ஸ்வால் அரசு, அடங்காத சத்தியாக்கிரகிகளை நாடுகடத்தத் தொடங்கிற்று. பெரும்பாலோர் தமிழர். கையில் காசில்லாமல் சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கிய அவர்களுக்குச் சோறும் உடையும் தங்க இடமும் பார்த்துக்கொடுத்தவர் ‘இந்தியன் ரிவியூ’ ஆசிரியர் ஜி. ஏ. நடேசன். வந்தவர்களில் சிலர் திரும்பவும் கப்பலேறினார்கள். அவர்களில் நாராயணசாமி என்ற தமிழர், துறைமுகம் துறைமுகமாக இறங்க அனுமதி மறுக்கப்பட்டு, கப்பல் தளத்திலேயே வெயிலிலும் குளிரிலும் அலைக்கழிந்து, 1910 அக்டோபர் 16-ஆம் நாள் டெலகோவா விரிகுடாவில் உயிர்விட்டார்.

அதே ஆண்டில் சென்னைக்கு வந்துசேர்ந்த இன்னொருவர்தான் லியுங் குவின். சீனரை இந்தியாவுக்கு நாடுகடத்தினார்கள்! டிரான்ஸ்வால் அதிகாரிகளுக்கு ஆசியா முழுவதும் ஒரே ஊராகத் தோன்றியது போலும். தெருவில் போன நம் பையன்களுக்கு மணிப்பூரும் சீனாவும் ஒன்றாகத் தோன்றியதற்கும் இதற்கும் எனக்கு அதிக வித்தியாசம் தெரியவில்லை. அந்தச் சீனரை நம் பட்டணம் எப்படி வரவேற்றது? நடேசன் தம் பத்திரிகையில் அவருக்கு இடம் கொடுத்தார். டிரான்ஸ்வால் தொல்லையைச் சீனர் கண்ணோட்டத்தில் அவர் அதில் எழுதினார். நம்மவரின் துயரத்தை மட்டும் அச்சிட்டிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். ஆயினும் நடேசன் அவ்வளவோடு நிறுத்திக்கொள்ளவில்லை.

நம் மாகாணத்துக்குச் சீனர் வந்தது அதுவே முதல் தடவையுமன்று. 1860-களில் சிங்கப்பூர், பினாங்குப் பக்கத்துச் சிறைகளில் இடமில்லையென்று சீனக் கைதிகளைச் சென்னை மாகாணத்துக்கு அனுப்பி, நீலகிரியில் நடுவட்டத்தில் சிங்கோனாத் தோட்ட வேலையில் வைத்தார்கள். காய்ச்சலுக்குக் கொடுக்கும் கொயினா மருந்து அந்த மரப்பட்டையிலிருந்து வருவது. விடுதலையான சிலர் அங்கேயே தங்கி, தாழ்த்தப்பட்ட குலத்துத் தமிழ்ப் பெண்களை மணந்து, காய்கறியும் காப்பியும் பயிரிட்டுப் பிழைத்தார்கள். எழும்பூர் மியூசியத்துத் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன் அங்கே போய்ப் பிள்ளைகளின் மூக்கையும் கன்னத்தையும் அளந்து புத்தகத்தில் எழுதினார். அந்தக் குடும்பத் தலைவர் கிறிஸ்தவரானவர். வேதத்தில் சேரும்போது தம் நீண்ட சடையை வெட்டவேண்டியிருந்ததே என்பது மட்டுமே அவருக்குக் குறையாம். இதைப் படித்தபோது எனக்குத் தத்துவபோதகர் நினைவு வந்தது. குடுமி வைத்துக்கொண்டே ஞானஸ்நானம் பெறலாம் என்று மதுரையில் அவர் வாதாடி, 1623-இல் பாப்பானவரின் அனுமதியும் பெற்றார். நம் குடுமிக்குக் கிடைத்த நியாயம் அந்தச் சீனர் சடைக்குக் கிடைக்கவில்லை.

நம் பாட்டிமார் பேச்சில் சீனி உண்டு, சீனச்சட்டி உண்டு, சீனாக்காரம் உண்டு. மவுண்ட் ரோடு பக்கம் சீனப் பல் வைத்தியரிடம் பல் கட்டிக்கொண்ட தாத்தாமாரும் உண்டு. பொருள்கள் சுலபமாக வீட்டுக்குள் வந்துவிடுகின்றன. ஆளுக்குத்தான் வாசற்படி உயரமாகிறது.

எவ்வளவு உயரம் என்பதை 1962 காட்டிற்று. சீனப் படை எல்லை தாண்டி வந்தது, நம் சிப்பாய்கள் பனியில் மாண்டார்கள், தேசம் கொதித்தது. அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அந்த நவம்பரில் அஸ்ஸாமின் மாக்கும், ஷில்லாங், டார்ஜிலிங் முதலான இடங்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த சீன வமிசத்தார் ஏறத்தாழ 3,000 பேரை, கிழவரும் கைக்குழந்தையுமாக, ரயிலேற்றி ராஜஸ்தானத்து தேவ்லி முகாமில் அடைத்தார்கள். விசாரணை இல்லை. சீனாவைக் கண்ணால் பாராதவர் அவர்களில் அநேகர். சிலர் 1967 வரை அங்கிருந்தார்கள். 1963-இல் சீன அரசு கப்பல்கள் அனுப்பிற்று. இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் ஏறிப்போனார்கள். அவர்கள் கப்பலேறிய துறைமுகம் எது தெரியுமா? நம் சென்னைதான். 1910-இல் இந்தியாவைச் சேராத ஒரு சீனரை இந்தியாவென்று இறக்கிவிட்ட அதே கரையிலிருந்து, சீனாவை அறியாத குழந்தைகளைச் சீனாவென்று ஏற்றிவிட்டோம்.

"யுத்த காலத்தில் தேசம் தன்னைக் காத்துக்கொள்ள வேண்டாமா?" என்று கேட்பீர்கள். வேண்டும். வேவு பார்த்தவன் என்று சந்தேகம் இருந்தால் அவனைப் பிடித்து விசாரிக்கலாம். ஆனால் பாட்டனார் பிறந்த ஊரைக் காரணமாகச் சொல்லி ஆறு வயதுப் பிள்ளையை முள்வேலிக்குள் வைப்பது பாதுகாப்பு ஆகாது. கெட்டிக்காரக் காவற்காரன் திருடனைத் தேடுவான். சோம்பேறி, திருடனைப் போல மூக்குள்ளவனைத் தேடுவான்.

தமிழராகிய நமக்கு இந்தப் பாடம் வெளியூரிலிருந்து வரவேண்டிய அவசியமுமில்லை. 1948-இல் இலங்கைப் பிரஜா உரிமைச் சட்டம் மலையகத் தோட்டத் தமிழரில் ஏறத்தாழ ஏழு லட்சம் பேரை நாடற்றவராக்கியது. அதையொட்டி மறு ஆண்டு வந்த சட்டத்துக்கு, உரிமை இழக்காத தமிழர் பிரதிநிதிகளிலேயே சிலர் ஆதரவளித்தார்கள். தோட்டத்தார் வேறு, நாங்கள் வேறு என்ற எண்ணம் அன்று பலருக்கு இருந்தது. அதை ஒப்பாமல் பிரிந்துவந்து 1949-இல் தனிக் கட்சி கண்ட செல்வநாயகம், இன்று அவர்களுக்கு நேர்வது நாளை நமக்கும் நேரும் என்று எச்சரித்தார். நாளை வர அதிக நாள் ஆகவில்லை; 1956-இல் வந்துவிட்டது.

ஆயினும் செல்வநாயகம் சொன்ன காரணத்தோடு நான் முழுதும் நின்றுவிட விரும்பவில்லை. நமக்கும் நேரும் என்பதற்காகவா அது தவறு? நமக்கு ஒருநாளும் நேராது என்று சர்வேசுரனே உறுதி கொடுத்தாலும் அது தவறுதானே? சமாரியன் அடிபட்டவனருகே வந்தபோது, நாளை நானும் இந்த வழியில் அடிபட்டுக் கிடக்கக்கூடும் என்று கணக்குப் பார்த்ததாக நமக்குச் சொல்லப்படவில்லை.

இவ்வளவும் எழுதிவிட்டு, அந்த மணிப்பூர்ப் பெண்ணை நான் குறை சொல்வதாக யாரும் நினைக்கவேண்டாம். அடிபடுகிறவன் உண்மையைச் சொல்லித் தப்பிக்க உரிமையுடையவன். அவள் இந்தியப் பெண்; அதைச் சொன்னாள். அதிலே என்ன பாவம்? கேள்வி, அவளுக்கு அருகில் நின்ற நமக்கு. அடி படாதவன் நியாயம் பேசும்போது, அடி யார்மேல் விழலாம் என்று தெரிந்தெடுக்கும் உரிமை அவனுக்கில்லை.

அடுத்த ஞாயிறு மாதர் சங்கத்து அம்மாளிடம் இதைச் சொன்னேன். சற்று யோசித்தார். "அப்போ நான் என்னங்க சொல்லியிருக்கணும்?" என்று கேட்டார். எனக்கு உடனே பதில் வரவில்லை. அவரே, "அந்தப் பசங்களைத்தான் நிறுத்திக் கேட்டிருக்கணும்" என்றார்.

சொன்னதோடு விடவில்லை. இரண்டு பையன்களில் ஒருவன் வீடு நம் பங்கிலேயே இருக்கிறதென்று விசாரித்துப் போய்விட்டார். பையனுடைய தகப்பனார் வாலிபத்தில் பம்பாயில் வேலை பார்த்தவர். அங்கே தம்மை ‘மதராஸி’ என்று கூவியவர்களை இன்னும் மறக்காதவர். அதற்கடுத்த ஞாயிறு பையனை அழைத்துக்கொண்டு வந்தார். பையன் தலை குனிந்தபடி, "ஸாரி அக்கா" என்றான். அந்தப் பெண் அவன் என்ன படிக்கிறான் என்று விசாரித்தாள். பிறகு தன் பெயரைச் சொல்லி, அதைச் சொல்லிக் காட்டச் சொன்னாள். மூன்று தடவை சொல்லியும் அவனுக்குச் சரியாக வரவில்லை. எனக்கும் வரவில்லை. அவள் சிரித்துக்கொண்டே மறுபடி முதலிலிருந்து சொல்லிக் கொடுத்தாள்.