நினைத்தலும் தொடர்தலும்

மறைந்த மூத்தோரை நினைத்தல் என்பது யாது? படத்துக்கு மாலையிட்டுப் புகழுரைத்தால் அக்கடன் தீர்ந்துவிடுமா?

என் பாட்டனார் விடியுமுன் பால்மரம் வெட்டச் சென்றவர். தோட்டத் துண்டாடல் தொழிலாளரை அலைக்கழித்த காலத்தில், 1960இல், துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தோட்டங்களை வாங்கத் தொழிலாளர் பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப்பணம் செலுத்தினர். பாட்டனாரும் செலுத்தினார், அண்டை வீட்டாரையும் சேர்த்தார்.

வீட்டில் வறுமையிருக்க ஊருக்கு உழைத்தல் முறையா எனப் பாட்டியார் கேட்டதுண்டு. கேள்வி நியாயமானதே. ஆயினும் தோட்டம் துண்டாடப்பட்டால் வேலையோடு குடியிருக்கும் வீடும் போய்விடும் என்பதைப் பாட்டனார் உணர்ந்திருந்தார். ஊர்நலத்துள் வீட்டுநலமும் அடங்கியிருந்தது.

மாணவர்களே, மூத்தோர் சுமந்த பொறுப்பில் நாமும் ஒரு பங்கு ஏற்போம். அதுவே அவர்க்குச் செய்யும் நன்றிக்கடன்.