அடைக்கலத்துக்கு எதற்கு மதிப்பெண்?

கடன் தவணை தவறிய பதிவு இருந்ததற்காக ஒருவரின் வங்கிப் பணி நியமனம் ரத்தானதை 2025ஆம் ஆண்டில் சென்னை உயர்நீதிமன்றம் சரியென்று ஏற்றது. மக்கள் பணத்தைக் கையாளப் போகிறவரிடம் நிதி ஒழுக்கத்தை எதிர்பார்ப்பதில் தவறில்லை என்பது அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். வங்கி வேலையைப் பொறுத்தவரை அதோடு சண்டையிட வேண்டியதில்லை. மனத்தை உறுத்துவது வேறு. ஒருவருக்குக் கடன் கொடுக்கலாமா என்று பார்ப்பதற்காக உண்டான, பேச்சுவழக்கில் 'சிபில்' எனப்படும் ஓர் எண், மெல்ல மெல்ல அவருடைய நடத்தைச் சான்றிதழாகிக் கொண்டிருக்கிறது. 'சிபில் போச்சு' என்றால் ஆளே போச்சு என்கிற அளவுக்கு வந்துவிட்டோம். இந்தப் பழி மற்ற எவரையும்விடக் கனமாக இறங்குவது பிள்ளையைத் தனியே வளர்க்கும் தாயின் தலையில், அதுவும் அவள் வீடு தேடி அலையும் நேரத்தில். பழைய கடனைக் காட்டி ஒரு தாய்க்கும் பிள்ளைக்கும் கூரையை மறுப்பது அறமாகாது. இதை முதலிலேயே சொல்லிவிட்டு, ஏன் என்று பார்ப்போம்.

அந்த எண் எப்படி விழுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். 2005ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டத்தின்கீழ் இயங்கும் நிறுவனங்கள் 300 முதல் 900 வரை ஒரு மதிப்பெண் இடுகின்றன. 750 இருந்தால் வங்கி மேலாளர் முகம் கொடுத்துப் பேசுவார். 600க்குக் கீழே போனால் விண்ணப்பத்தைப் புரட்டியும் பார்க்கமாட்டார். நுண்கடன் இந்த நாட்டில் பெரும்பாலும் பெண்களின் பெயரில்தான் கொடுக்கப்படுகிறது. குழுவில் கையெழுத்துப் போடுகிறவள் மனைவி. பணம் போவது கணவனின் ஆட்டோவுக்கோ, பழைய கடனுக்கோ, சாராயத்துக்கோ. அவன் விட்டுப் போன மறுவாரமும் வசூல்காரர் வருவது அவள் வாசலுக்குத்தான். வீட்டுக் கடனில் இணை விண்ணப்பதாரராகவும், உறவினர் கடனில் ஜாமீனாகவும் அவள் பெயர் இருந்திருக்கும். அவன் கட்டாமல் விட்ட ஒவ்வொரு மாதமும் அவள் அறிக்கையில் ஏறும். பேசி முடித்துக் குறைந்த தொகைக்குக் கணக்கைத் தீர்த்தாலும் 'செட்டில்டு' என்ற குறிப்பு ஆண்டுக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆனால் அதே பெண் பத்து வருடம் ஒரு மாதம்கூடப் பிந்தாமல் வாடகை கொடுத்திருந்தால், கரண்ட் பில்லைக் கெடுவுக்கு முன்பே கட்டியிருந்தால், பள்ளிக் கட்டணத்துக்காகக் காதுத் தோட்டை அடகு வைத்து மீட்டிருந்தால், இவை பெரும்பாலும் அந்த அறிக்கையின் கண்ணுக்குத் தெரிவதில்லை. அவள் வாடகை கொடுப்பாளா என்பதற்கு இருக்கும் ஆகச் சிறந்த சாட்சியை விட்டுவிட்டு, வேறொருவன் செய்த வினையை அவள் பெயரில் எழுதி வைத்திருக்கும் தாளை நம்புவது அறிவும் ஆகாது, நீதியும் ஆகாது.

இனி அவள் முன்னால் உள்ள வழிகள். சொந்தமாக வாங்க நினைத்தால் வங்கிக் கடன் வேண்டும். அங்கே மதிப்பெண் தடுக்கிறது. அரசின் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் கட்டும் அடுக்குமாடிக் குடியிருப்பிலும், திட்டத்தைப் பொறுத்துப் பயனாளி தன் பங்காகச் சில லட்சம் கட்ட வேண்டியிருக்கிறது; அதற்கும் கடன்தான் வழி என்னும்போது அதே சுவர். 2024இல் தொடங்கிய பிரதமர் நகர்ப்புற வீட்டுத் திட்டத்தின் இரண்டாம் கட்டம் கைம்பெண்களுக்கும் தனித்து வாழும் பெண்களுக்கும் முன்னுரிமை என்கிறது. நல்லதுதான். ஆனால் முன்னுரிமையை வைத்துக்கொண்டு பங்குத்தொகையைக் கட்ட முடியாது. மீதி இருப்பது வாடகை வீடு. சென்னையில் 8,000 ரூபாய் வாடகைக்கு ஒரு சிறு வீடு என்று வைத்துக்கொள்வோம். வழக்கமாகக் கேட்கப்படும் பத்து மாத அட்வான்ஸ் 80,000. தரகருக்கு ஒரு மாத வாடகை 8,000. முதல் மாத வாடகை 8,000. சாவி கைக்கு வருமுன் 96,000 ரூபாயை எண்ணி வைக்க வேண்டும். கடன் கிடைக்காத பெண் இதைப் புரட்டப் போவது கந்துவட்டிக்காரரிடம்தான். பணம் இருந்தாலும் கேள்விகள் முடிவதில்லை. "வீட்டுக்காரர் என்ன பண்றார்?" என்பது தரகரின் முதல் கேள்வி. இல்லை என்று சொன்னதும், "ஓனர் ஃபேமிலிக்கு மட்டும்தான் தருவாராம்" என்ற பதில் வருகிறது, இடுப்பில் பிள்ளையோடு நிற்பவளைப் பார்த்து. தாயும் பிள்ளையும் குடும்பம் இல்லையென்றால் வேறு எது குடும்பம்? தனியே பிள்ளை வளர்க்கும் தகப்பனுக்கும் இந்த வாசல்கள் எளிதில் திறப்பதில்லை என்பது உண்மை. ஆனால் அவன் ஒழுக்கத்தை யாரும் துருவிக் கேட்பதில்லை.

நம் முன்னோர் இதை எப்படிப் பார்த்தார்கள்? சிலப்பதிகாரத்தில் அடைக்கலம் என்றே ஒரு காதை இருக்கிறது. செல்வமெல்லாம் தொலைத்து, மனைவியின் காற்சிலம்பொன்றே முதலாக மதுரைப் புறஞ்சேரிக்கு வந்து நின்ற கோவலனைவிடக் கடன் தகுதி குறைந்தவன் எவன்? அவனையும் கண்ணகியையும் ஆயர்குல முதுமகள் மாதரி தன் பொறுப்பில் ஏற்றாள். முன்பணம் வாங்கவில்லை, பழைய கணக்கைக் கிளறவில்லை. கவுந்தியடிகள் என்ற ஒரு துறவியின் சொல் அவளுக்குப் போதுமானதாக இருந்தது. தனி மனை ஒதுக்கி, தன் மகள் ஐயையைக் கண்ணகிக்குத் துணையாகவும் வைத்தாள். அந்த அடைக்கலத்தைக் காக்க முடியாமல் போனதற்காக அவள் தன் உயிரையே விட்டாள் என்று இளங்கோவடிகள் சொல்கிறார். மணிமேகலையோ எது அறம் என்ற கேள்விக்கு, உயிர்களுக்கு உணவும் உடுக்கையும் தங்க இடமும் தருவது என்றே விடை சொல்கிறது; வாங்குபவரின் தகுதியை அது விசாரிக்கவில்லை. புறநானூற்று நக்கீரனார் செல்வத்தின் பயன் கொடுப்பதே என்றார். நாலடியார் செல்வம் நிலையாமையையே முதல் அதிகாரமாக வைத்தது, இன்று வீடு வைத்திருப்பவரும் நாளை வீடு தேடக்கூடும் என்பதை நினைவூட்டத்தானோ என்னவோ. வள்ளுவர் நல்குரவு அதிகாரத்தில், ஏழை எவ்வளவு தெளிவாக உண்மையைச் சொன்னாலும் அது எடுபடாமல் போவதைக் கண்டு வருந்துகிறார். 'நான் மாதாமாதம் கட்டிவிடுவேன் ஐயா' என்று அந்தத் தாய் சொல்லும்போது நேர்வதும் அதுவே. மெலியவர்மேல் பாயும் நேரத்தில், தன்னைவிட வலியவர்முன் தான் நிற்பதை நினைத்துப் பார் என்று அருளுடைமையில் அவரே சொல்கிறார். வங்கியின் முன்னே கைகட்டி நின்ற அனுபவம் இல்லாத வீட்டு உரிமையாளர் எத்தனை பேர்?

உரிமையாளரின் அச்சத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஓய்வுக் காலத்தில் மாடி வாடகையை நம்பி மருந்து வாங்குகிறவர் உண்டு. வாடகை நின்றால் அவர் அடுப்பும் நிற்கும். வள்ளுவரே தெரிந்து தெளிதல் என்று ஓர் அதிகாரம் எழுதியிருக்கிறாரே என்றும் கேட்கலாம். அது அரசன் தன் வினைக்கு ஆள் தேர்வதைப் பற்றியது. அதையே வாடகைக்குப் பொருத்தினாலும், ஆராய வேண்டியது இன்றைய வருமானத்தையும் முந்தைய வீட்டில் அவர் நடந்துகொண்ட முறையையும்தான். அவற்றைக் கேட்கட்டும். கணவன் எங்கே என்பதும் மதிப்பெண் எவ்வளவு என்பதும் வாடகைக்கு விடை சொல்லாத கேள்விகள். வாடகை நின்றால் சட்டமும் கைவிட்டுவிடவில்லை. 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், பாக்கி வைப்பவரை வெளியேற்றவும் வழி தருகிறது. முன்பணத்துக்கு மூன்று மாத வாடகை என்று வரம்பும் சொல்கிறது. முதல் பாதியை மட்டும் நினைவில் வைத்து இரண்டாம் பாதியை மறப்பதுதான் நம் ஊர் வழக்கம்.

இன்னொரு மறுப்பு கொஞ்சம் கண்டிப்பான குரலில் வரும்: தவறியவருக்கு விளைவே இல்லையென்றால் யார்தான் கடனைத் திருப்பிக் கட்டுவார்? கட்டத்தான் வேண்டும், அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் விளைவு யார்மேல் விழுகிறது என்று பார்க்க வேண்டாமா? 2016ஆம் ஆண்டின் திவால் சட்டம் நிறுவனங்களுக்கு உடனே நடைமுறைக்கு வந்தது. பெருங்கடன் வைத்த கம்பெனிகள் அதன் வழியே கடனில் பெரும்பகுதியைக் கழித்துக்கொண்டு மறுவாழ்வு பெற்றன. அதே சட்டத்தில் ஏழைத் தனிநபருக்கும் ஒரு பகுதி எழுதப்பட்டது: ஆண்டு வருமானம் 60,000 ரூபாயைத் தாண்டாமல், 35,000 ரூபாய்க்கு மேல் கடன் இல்லாமல், சொத்தும் 20,000க்குள் இருப்பவர் புதிதாகத் தொடங்கலாம் என்று. அது இன்னும் நடைமுறைக்கே வரவில்லை. ஆலை முதலாளிக்கு மறு தொடக்கம் உண்டு, ஆலையில் கூலி வேலை பார்த்தவளுக்கு இல்லை என்பதற்குப் பெயர் ஒழுக்கம் அன்று. நடுவுநிலைமை அதிகாரத்தில் வள்ளுவர் காட்டிய தராசில் இதை ஒரு கணம் வைத்தாலே எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது தெரிந்துவிடும். மேலும், தண்டனையை ஏற்பது அவள் மட்டுமா? பள்ளியை விட்டு ஊர்க்கோடிக்குப் பெயர்வது பிள்ளை. மாற்றுச் சான்றிதழோடு ஆண்டின் நடுவில் புது வகுப்பில் நிற்பதும் அந்தப் பிள்ளைதான். எந்தக் கடன் பத்திரத்திலும் அது கையெழுத்துப் போடவில்லை.

1996இல் சமேலி சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், உறைவிடம் என்பது தலைக்கு மேல் ஒரு மறைப்பு மட்டுமன்று, இடமும் காற்றும் வெளிச்சமும் நீரும் சேர்ந்தது என்று விளக்கி, அதை வாழும் உரிமையோடு இணைத்தது. அந்தத் தீர்ப்பு சுவரில் மாட்டிவைக்க எழுதப்பட்டதன்று. 2022இல் தமிழக அரசு கைம்பெண்களுக்கும் ஆதரவற்ற மகளிருக்குமாக ஒரு நல வாரியம் அமைத்திருக்கிறது. வீடு தேடும் தாய்க்குக் கவுந்தியடிகளின் இடத்தில் அந்த வாரியமே நிற்கட்டும்: மூன்று மாத முன்பணத்துக்கு வீட்டு உரிமையாளரிடம் எழுத்தில் பிணை கொடுக்கட்டும், வாடகை நின்றால் அந்தத் தொகையைத் தானே கொடுத்துப் பின்னர் சிறு தவணைகளில் வாங்கிக்கொள்ளட்டும், ஒழுங்காகக் கொடுத்த ஒவ்வொரு மாத வாடகையையும் கடன் தகவல் நிறுவனங்கள் பதிவு செய்ய வேண்டும் என்று ரிசர்வ் வங்கியிடம் வாதாடட்டும். வாடகை ஒப்பந்தத்தைப் பதிவு செய்து வரம்புக்குள் முன்பணம் வாங்கும் உரிமையாளருக்குச் சொத்து வரியில் மாநகராட்சி ஒரு சலுகை தரலாம். வரவு செலவுத் திட்டத்தில் இதற்கென ஒரு தலைப்பைத் திறக்கச் சொல்லி அடுத்த சட்டமன்றக் கூட்டத்தொடருக்கு முன்பே உறுப்பினர்களிடம் மனு கொடுப்பது, அறம் பேசுகிற எல்லாருக்கும் உள்ள வேலை.