ஐயத்திற்கும் அறம் உண்டு

ஐயப்படு என்கிறோம். நன்று! ஆனால், எதையும் மறுத்துரைத்துவிட்டால் அது பகுத்தறிவாகிவிடுமா? கல்லின் வழக்கொன்றைக் கேட்போம், தோழர்களே!

எரிமலைக் குழம்பு ஆறி இறுகுகையில், அதிலுள்ள மாக்னடைட் எனும் இரும்புக் கனிமம், ஏறத்தாழ 580 டிகிரி செல்சியசுக்குக் கீழே வந்ததும் காந்தத்தன்மை பெறுகிறது. அன்று புவியின் காந்தப்புலம் எத்திசை நோக்கிற்றோ அத்திசையைத் தன்னுள் பதித்துக்கொள்கிறது. மீண்டும் கடுஞ்சூடோ வேதிமாற்றமோ தாக்காதவரை, கோடி ஆண்டு கழியினும் அப்பதிவு நிற்கும்.

1906-இல் பிரெஞ்சு நாட்டுப் பாறையொன்று, இன்றைய திசைக்கு நேர்மாறான திசையைக் காட்டிற்று. ஆராய்ந்தவர் பெர்னார் பிரூன். பாறை மட்டுமா? அதன் சூட்டில் வெந்த களிமண்ணும் அதே தலைகீழ்த் திசையையே காட்டிற்று. பொருள் இரண்டு, வாக்குமூலம் ஒன்று! புவியின் காந்தப்புலமே அன்று தலைகீழாய் இருந்தது என்றார் அவர். 1929-இல் ஜப்பானின் மட்டுயாமாவும் அவ்வாறே கண்டார். அறிஞருலகம் பெரிதும் செவிசாய்க்கவில்லை.

1951-இல் நீல் எனும் பிரெஞ்சு அறிஞர் ஐயமொன்றை எழுப்பினார்: புவி மாறாமலே, கனிமம் தானாகத் தலைகீழாகக் காந்தமேறலாமே! வெற்றையமன்று அது, ஜப்பானின் அருணா மலைப்பாறை அவ்வாறே நடந்துகொள்வதும் விரைவில் தெரிந்தது. இத்தகைய ஐயத்தைத்தான் நாம் போற்றுகிறோம். ஏன்? தன்னை வீழ்த்தும் வழியை அதுவே காட்டிற்று. குற்றம் கனிமத்தினுடையதெனில், ஒரே வயதுப் பாறைகள் ஊருக்கொரு திசை காட்டவேண்டும்; புவியே மாறியதெனில், எங்கும் ஒன்றுபட வேண்டும். 1960-களில் காக்சு, டோயல், டால்ரிம்பிள் ஆகியோர் பாறைகளின் வயதை அளந்து ஒப்பிட்டனர். ஒன்றுபட்டன! கடைசித் தலைகீழ்மாற்றம் நிகழ்ந்து ஏறத்தாழ 7,80,000 ஆண்டுகள் ஆகின்றன. அருணாப் பாறை விதிவிலக்காய் நின்றது.

இன்னொரு ஐயத்தையும் காண்போம். கடற்றரை விரிந்து செல்கிறது. புவிகாந்தத்தின் மாற்றங்கள் அதில் பட்டை பட்டையாய்ப் பதிந்துள்ளன என்று 1963-இல் கனடாவின் லாரன்சு மார்லி எழுதினார். இரு இதழ்கள் திருப்பியனுப்பின. விருந்துகளில் பேசி மகிழத்தக்க கற்பனை என்றாராம் மதிப்பிட்டவர் ஒருவர்! அவ்வாண்டே அதே கருத்தை வைனும் மாத்யூசும் வெளியிட்டனர். உலகம் வியந்தது, உடனேயன்று, சில ஆண்டுகளில்.

மார்லி புதிய அளவீடு எதுவும் கொணரவில்லையே, மறுத்ததில் என்ன தவறு என்பர் சிலர். கொணரவில்லைதான், பிறர் வரைந்த பசிபிக் பெருங்கடற்படத்தை வைத்தே வாதாடினார். எந்த அளவீடு வேண்டுமென்று கேட்டிருக்கலாமே! கேட்கவில்லை, நகைத்தனர். நீல் எழுப்பியதும் ஐயம், இவர்களுடையதும் ஐயம் என்று இரண்டையும் ஒரே பெயரால் அழைக்க நமக்கு மனமில்லை. வைன்–மாத்யூசு–மார்லி கருதுகோள் என்று மூவர் பெயரும் சேர்ந்து ஒலிப்பதற்குக் காலம் பிடித்தது.